வல்லங்கோட்டையில் இறங்காதவள்

வல்லங்கோட்டை என்றொரு ஊர் உண்டு, அங்கே ராஜாக்கள் கட்டிய கோட்டை உண்டு, கோட்டைக்குள் குளம் உண்டு, குளத்தின் நடுவில் கல்மண்டபம் உண்டு. இதெல்லாம் நான் பார்த்துச் சொல்வதல்ல, குரோம்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து மின்சார ரயிலேறிக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியவர்கள் சொல்லிச் சொல்லி என் காதில் விழுந்தது. அவர்கள் எல்லோரும் அந்த ஊரில் இறங்கினார்கள். நான் அந்த ஊரில் கால் வைத்தால் மட்டும் குரோம்பேட்டை வந்துவிடுகிறது.

ஊரைப் பார்க்காவிட்டால் போகிறது, கல்லும் குளமும் எனக்கு எதற்கு என்று விட்டிருப்பேன். என் ஒரே மகள் எழிலரசியை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் முறை, குடங்களோடு யாராவது நிற்க வேண்டும், அதனால் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் போய்ப் பார்த்துவிட்டு நல்ல வீடு, காற்றோட்டமான வீடு என்றார்கள். கல்யாணம் பல்லாவரத்தில் நடந்தது. பெண்ணைக் கொண்டுபோய் விடும் நேரத்தில் மண்டபத்துப் பாத்திரங்களை ஒப்படைக்க யாராவது இருக்க வேண்டும் என்றார்கள், எங்கள் வீட்டில் அந்த யாராவது எப்போதும் நான்தான். இப்படியே என் மகள் எந்த அடுப்படியில் நின்று சமைக்கிறாள், எந்த ஜன்னலோரம் தலை சீவுகிறாள் என்று தெரியாமலே தீபாவளி வந்துபோனது.

பிறகு மேல்வீட்டு ரெஜினா, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வல்லங்கோட்டை போய்வரலாம் என்று கிளப்பினாள். அவளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது போகாவிட்டால் முழங்கால் வலி வந்துவிடும். ஆளுக்கொரு வேலை பிரித்தார்கள், சாப்பாடு என் பொறுப்பு. விடியுமுன் எழுந்து பெரிய தூக்கு நிறையப் புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுவலைத் தனியாகக் கட்டி, எழிலுக்கென்று நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் தாமதித்ததற்கு ஜமுனாவிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினேன். ஜமுனா எதிர்வீட்டில் ரவிக்கை தைக்கிறவள், சாமிக்குப் பயப்படாதவளும் அவள் வாய்க்குப் பயப்படுவாள்.

வண்டி தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, ஏரியும் கரும்புமாகப் போய்க் கடைசி ஸ்டேஷனான வல்லங்கோட்டையில் நின்றது. பெட்டி வாசலில் இருந்தே எழில் தெரிந்தாள். பச்சைப் புடவை, தலையில் வாடாத பூ, கல்யாணத்தின்போது இருந்ததைவிட ஒரு சுற்று இளைத்திருந்தாள், கையைத் தூக்கி ஆட்டினாள். நான் வலது காலை எடுத்து வைத்தேன். கால் பட்ட இடம் குரோம்பேட்டை பிளாட்பாரம். எதிரே பீர் முகமது பாய் டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, போகலையா?" என்றார் பாய்.

"போயிட்டேன் பாய்."

"அதுக்குள்ளயா? டீ போடவா?"

டீ குடித்து முடிப்பதற்குள் ரெஜினா போன் செய்தாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க? இறங்கறப்ப பாத்தேன், அப்புறம் காணோம்."

"குரோம்பேட்டைல இருக்கேன்."

"அப்படியா. சாப்பாடு?"

"எங்கையிலதான் இருக்கு."

அவள் அதைத் திரும்பி மற்றவர்களிடம் சொல்வது கேட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் என் வீட்டு வாசலில் நின்று சண்டை பிடித்தார்கள். ஒரு பெண்பிள்ளை ஒரு ஊரில் கால் வைத்து இன்னொரு ஊரில் எழுந்தது எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. "கோட்டையப் பாக்கப் போய் பன்னு தின்னுட்டு வந்திருக்கோம்" என்றாள் ஜமுனா. "உங்களுக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சா தூக்கை முன்னாடியே எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல?" எனக்குத் தெரியாதே என்றேன். தெரிஞ்சு வச்சுக்கணும் என்றாள். இனிமேல் பாக்கியக்கா கையில் சாப்பாடு கொடுப்பதில்லை என்று தெரு முடிவு செய்தது, நடந்ததைப் பற்றி அவர்கள் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

எழில் மட்டும் போனில் அழுதாள். "உன் செருப்பு வரைக்கும் தெரிஞ்சுதும்மா. நான் ஓடி வந்தேன். அதுக்குள்ள நீ இல்ல."

அடுத்த வாரமே மறுபடி போனேன். இடது காலை வைத்து இறங்கினேன், குரோம்பேட்டை. கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன், குரோம்பேட்டை. பஸ்ஸில் போனேன், ஆட்டோவில் போனேன், எதில் போனாலும் தாம்பரம் தாண்டிய பிறகு என் கால் எந்தத் தரையில் பட்டாலும் அது குரோம்பேட்டைத் தரையாகவே இருந்தது. ரெஜினா கோட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய மண் அள்ளிவந்து கொடுத்தாள், அதைப் பெட்டி வாசலில் கொட்டி அதன்மேல் நின்று இறங்கினேன். மண்ணோடு குரோம்பேட்டை வந்து சேர்ந்தேன், பாய் துடைப்பம் எடுத்துக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் நாகலிங்கத்தைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். "நீ பதட்டப்படற, அதான். என் கையைப் பிடி, நிதானமா இறங்கு" என்றார், பிடித்தேன், இறங்கினோம், அவரும் குரோம்பேட்டை வந்துவிட்டார். என்னைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் என்னோடுதான் வருவார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, "பரவால்ல, சாப்பிட்டு ஒரு தூக்கம் போடலாம்" என்று வீட்டைப் பார்த்து நடந்தார்.

தெருவுக்கு இது பழகிப்போக ஒரு மாதம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம். முதலில் ரெஜினாவுக்குத்தான் யோசனை வந்தது, மேல்மருவத்தூர் போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோவிலில் வண்டி நிற்கும்போது நெஞ்சில் கை வைத்து, "அக்கா, நான் கேஸை அணைச்சேனா?" என்றாள். அணைத்திருப்பாய் என்றேன். "நீங்க கொஞ்சம் இறங்கிப் பாருங்களேன்." நான் இறங்கினேன், ரெஜினா வீட்டில் கேஸ் அணைந்துதான் இருந்தது, போன் செய்து சொன்னேன், அவர்கள் நிம்மதியாகச் சாமி கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து நான் இல்லாமல் ஒரு சுற்றுலாவும் கிளம்பவில்லை. டிக்கெட் அவர்களே எடுத்தார்கள், ஜன்னலோர சீட்டுக்கூடக் கொடுத்தார்கள். கூடுவாஞ்சேரி வருவதற்குள் யாருக்காவது மோட்டார் ஓடுவது ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கொடியில் காயும் துணி, பூட்டாத பின்கதவு, வெளியே வைத்துவிட்ட தோசைமாவு. நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்குவேன். வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் கடலுக்கும் கோட்டைக்கும் போகும், நான் அவர்கள் மாவைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைப்பேன்.

"உங்களுக்கு ஆண்டவன் குடுத்தது அக்கா" என்பாள் ரெஜினா, சாவிக்கொத்தை என் மடியில் போட்டபடி. அப்படிப்பட்ட ஆண்டவனிடம் எனக்கும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது.

எழிலின் மாமியார் தில்லைநாயகிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. நடந்ததை அவர் நம்பாமல் இல்லை, அதைத்தான் சொல்ல வேண்டும், நம்பிக்கொண்டேதான் என்மேல் குற்றம் சொன்னார். "எத்தனையோ தேசத்துக்காரன் வந்து எங்க ஊர்ல இறங்கறான், வெள்ளைக்காரன் இறங்கறான், உங்கம்மா ஒருத்தரால இறங்க முடியலையா? சம்பந்தி வீட்டு வாசல் மிதிக்க மனசு இல்லன்னு அர்த்தம்" என்று எழிலிடம் சொல்லியிருக்கிறார், தாய்வீட்டுக்கு அவளை அனுப்பவும் இல்லை. எழில் அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். நான் இரவெல்லாம் புரண்டேன், மனசு இல்லாதவளா இத்தனை முறை டிக்கெட் எடுத்தேன் என்று சுவரிடம் கேட்டேன், பக்கத்தில் குறட்டை கேட்டது.

எழில் உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், அழைக்கத் தாயார்தான் போக வேண்டும். தில்லைநாயகி போனில் நேராகவே சொல்லிவிட்டார்: "சம்பந்தி, நாத்தனாரையும் வீட்டுக்காரரையும் அனுப்பற வேலையெல்லாம் வேணாம். பெத்தவ வந்து கேட்டாத்தான் அனுப்புவேன். இல்லன்னா பிரசவம் இங்கயே நடக்கட்டும்."

தெரு கூடிவிட்டது. நாற்காலியோடு தூக்கி இறக்கலாம் என்றார் ஒருவர், ஜமுனாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார் இன்னொருவர், பின்பக்கமாக நடந்து இறங்கினால் வண்டிக்குக் குழப்பம் வரும் என்று என் வீட்டுக்காரரே சொன்னார். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு ஹெம்மிங் தைத்துக்கொண்டிருந்த ஜமுனா ஊசியை எடுத்துவிட்டு, "இறங்கினாத்தானே வம்பு? இறங்காதீங்க. அது கடைசி ஸ்டேஷன், வண்டி அரைமணி நேரம் அங்கதானே நின்னு திரும்புது? பெட்டியிலயே உக்காருங்க. வேணும்ங்கிறவங்க ஏறி வரட்டும்" என்றாள்.

இத்தனை மாதம் இது எனக்குத் தோன்றவில்லை என்பதில் எனக்கு என்மேலேயே எரிச்சல்.

அப்படித்தான் என் மகளின் வளைகாப்பு பெண்கள் பெட்டியில் நடந்தது. தெருப் பெண்கள் சீர்த்தட்டுகளைச் சீட்டுகளில் வரிசையாக வைத்தார்கள். பூ விற்கிறவளும், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்களும் காலை மடக்கி வழிவிட்டார்கள், ஒருத்தி சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள், நாலரை மணி வண்டியில் வளைகாப்பு நடப்பது வழக்கம்தான் என்பதுபோல. எழில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநாள் கழித்து அவளைத் தொட்டேன். கன்னத்தில் தேமல் விழுந்திருந்தது, அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

தில்லைநாயகி கடைசி நிமிஷத்தில்தான் ஏறினார். நல்ல உயரம், மூக்கில் எட்டுக்கல் பேசரி, பெட்டிக்குள் தலை குனியாமல் வந்தார். வளையல் அடுக்கினார், நலங்கு வைத்தார், எல்லாம் முறையாகச் செய்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்க, அனுப்பறேன். ஆனா புள்ள பொறந்து அஞ்சாம் மாசம் கொண்டாந்து விடறப்ப, நீங்க இறங்கி என் வீட்டு வாசல் வரைக்கும் வரணும். நான் ஆரத்தி தட்டோட நிப்பேன். வண்டியில உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியா பேரப்புள்ளைய நீட்டறதெல்லாம் எங்க வம்சத்துல கெடையாது."

"இறங்க மனசில்லாமலா சம்பந்தி உக்காந்திருக்கேன்? முடிஞ்சா மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"முடியும். அடுப்பையும் மாவையும் மறந்துட்டு வந்தா முடியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும், குரோம்பேட்டையில் நின்று முழித்திருப்பார். விசில் ஊதிவிட்டது. அவர் இறங்கிவிட்டார். நானும் எழிலும், கர்ப்பிணிப் பெண்ணை அப்படித் தூக்கி வேறு ஊரில் வைப்பது என்ன செய்யுமோ என்று பயந்து, வழியில் எங்கேயும் இறங்காமல் குரோம்பேட்டை வரை ஒழுங்காக ரயிலிலேயே வந்தோம்.

பெண் குழந்தை பிறந்தது. தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் ஐந்து மாதம் வசம்பு வாசனையும் சாம்பிராணிப் புகையுமாக இருந்தது. தெருவில் யாரும் அந்த நாட்களில் என்னை எங்கும் கூப்பிடவில்லை, அவரவர் கேஸை அவரவரே அணைத்துக்கொண்டார்கள், என்னைக் கேட்டால் நன்றாகவே அணைத்திருப்பார்கள் என்பேன். குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகியது, என் குரல் கேட்டால் தலையைத் திருப்பியது, என் தாலிச்செயினைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியது. எழில் நாள் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் துணி மடித்தபடி, "அங்க மதியம் எல்லாரும் தூங்கிடுவாங்கம்மா. பேச ஆள் இருக்காது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பழகிக்கும் என்றேன். எல்லோரும் எனக்குச் சொன்னதையே நானும் அவளுக்குச் சொன்னேன்.

கிளம்பும் நாளும் வந்தது. என் வீட்டுக்காரர் பையை ஏற்றிவிட்டு, "பத்திரம்" என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டார். வண்டியில் குழந்தை என் மடியில், எழில் என் பக்கத்தில். ஏரி வந்தது, கரும்பு வந்தது, எனக்கும் ஒரு யோசனை வந்தது. வல்லங்கோட்டையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கினால், எழில் என் கையைப் பிடித்திருந்தால், மூன்று பேரும் குரோம்பேட்டையில் இருப்போம். யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது. இறங்கத்தானே சொன்னீர்கள், இறங்கினேன், இப்படி ஆகிவிட்டது என்று சொல்லலாம். அடுத்த வாரமும் இறங்கலாம். அதற்கடுத்த வாரமும். எழிலின் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் வாயை இறுக்கியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் தில்லைநாயகி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார், மாப்பிள்ளை பின்னால் நின்றார். வீட்டு வாசலில் நிற்பதாகச் சொன்னவர் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். அவர் இவ்வளவு கிழவியாக இருப்பதை நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. குழந்தையைப் பார்த்ததும் தட்டை மகனிடம் கொடுத்துவிட்டு, ரயிலின் வாசல்படிக்குக் கீழே வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"இறங்குங்க சம்பந்தி" என்றார். "வாங்க."

நான் வாசலில் நின்றேன். குழந்தை என் தாலிச்செயினைப் பிடித்திருந்தது, இறுக்கி, முழு முஷ்டியாக. எழில் என் பின்னால் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். ஒரு அடிதான். தில்லைநாயகி கையை நீட்டியபடியே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலை வைக்கிறேனா என்று, அவ்வளவு ஆசையாக.

நான் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கட்டைவிரல் கடைசியில் வந்தது. பிரித்துவிட்டு, தரையில் என் கால் படாமல் குனிந்து, தேன்மொழியை அவர் கையில் கொடுத்தேன். தூக்கிக் கொடுத்த வேகத்தில் குழந்தை வீறிட்டது.

தில்லைநாயகி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எப்போதும் கேட்பதைக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"இறங்காதீங்க" என்றார். "இருங்க. அப்படியே இருங்க."

குழந்தையைப் பிரித்ததுகூடச் சுலபம். முந்தானையைத்தான் எழில் விடவில்லை. படிக்கட்டுக்கு ஒரு பக்கம் அவள் குழந்தை அழுகிறது, இவள் என் புடவையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணைப்போல நிற்கிறாள். "அம்மா, நீயும் இறங்கும்மா" என்றாள், மிக மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் இறங்கினால் எங்கே போய் நிற்போம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"விடுடி" என்றேன். அவள் விடவில்லை. "புள்ள அழுவுது, எழில். விடு." எரிச்சலாகத்தான் சொன்னேன், வேறு எப்படியும் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. புடவையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். ஓரம் கிழிந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தன் ஊரில் இறங்கினாள்.

மாப்பிள்ளை பையை வாங்கிக்கொண்டார். ஆரத்தி சுற்றினார்கள். தில்லைநாயகி குழந்தையின் தலையைப் பிடித்துப் பெட்டியின் பக்கம் திருப்பி ஏதோ சொன்னார், என்னைக் காட்டித்தான். பிறகு அவர்கள் குடோன் சுவரோரமாக நடந்து திரும்பினார்கள், சுவருக்கு அப்பால் ஊர் இருக்க வேண்டும், குழந்தையின் அழுகை அங்கே போய் நின்றது.

வண்டி திரும்பியது. முதல் ஸ்டேஷனில் இறங்கியிருந்தால் மறுநிமிஷம் வீட்டில் இருந்திருப்பேன். சாயங்காலச் சமையல் கிடந்தது. நான் இறங்கவில்லை. அடுத்த ஸ்டேஷனிலும் இறங்கவில்லை. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒருத்தி நகர்ந்து உட்காரச் சொன்னாள், நகர்ந்தேன். ரெஜினா போன் செய்தாள், எடுக்கவில்லை. வீடு வரும்போது வரட்டும் என்று, கிழிந்த ஓரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை ஸ்டேஷனையும் ஒவ்வொன்றாகக் கடந்து உட்கார்ந்திருந்தேன்.